வெள்ளைக் கைத்துண்டு

"எல்லார் இடுப்புலயும் வெள்ளைத் துண்டு இருக்கே, எதுக்கு?" என்று கேட்டார் டாக்டர் லாவண்யா.

தி. நகர் ஜவுளிக்கடையின் பட்டு மாடி. கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. வேலையிடத்துப் பதற்றம் பற்றிப் பேச அவரை முதலாளி அழைத்திருந்தார். விற்பனைப் பெண்கள் பன்னிரண்டு பேரும் சேலை விரிக்கும் மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சூப்பர்வைசர் கனகராஜுக்கு இந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. தன் மாடியைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் லேசில் நிறுத்த மாட்டார்.

ஆஃப்ரீன் என்று ஒரு பெண் இருந்தாள். ஒவ்வொரு சேலையைத் தொடும் முன்பும் துண்டில் கை துடைப்பாள். ஈரம் பட்டால் சரிகை கறுக்கும் என்பதைச் சொல்லித் தராமலே தெரிந்துவைத்திருக்கிறாளே என்று கனகராஜ் பூரித்துப்போனார். எல்லாரையும் கைதட்ட வைத்தார். அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆளுக்கொரு துண்டு வாங்கிக் கொடுத்தார். அவளை முகூர்த்தப் பட்டுக்கு மாற்றினார். ஒரு கல்யாணத்துக்குப் பதினைந்து பேர் சுற்றி உட்காரும் இடம் அது.

பழைய இடத்துக்கே போகிறேன் சார் என்று இரண்டு முறை வந்து நின்றாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்துச் சிரித்து அனுப்பிவிட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க சார்?"

கனகராஜின் குரல் இறங்கியது. ஆவணி முகூர்த்தக் கூட்டத்தில், விரித்த சேலையை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனவள் திரும்பவில்லை. பத்து நாள் கழித்து அவள் அம்மா அஸ்மத்துன்னிசா வந்தார். துவைத்துத் தேய்த்த யூனிஃபார்ம் சேலையையும் துண்டையும் கொடுத்தார். மகள் வாசலைத் தாண்டுவதே இல்லை என்றார். வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று கனகராஜ் விட்டுவிட்டார்.

டாக்டர் கையிலிருந்த தாளை நீட்டினார். பதற்றத்தின் அடையாளங்கள். மூன்றாவது வரி: உள்ளங்கை அடிக்கடி வியர்த்தல்.

கனகராஜ் அந்த வரியை இரண்டாம் முறை படித்தார். மேலே படிக்க முடியவில்லை.

கீழே டீ வந்துவிட்டதாகக் குரல் கேட்டது. துண்டில் டீக்கறை படக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பெண்கள் துண்டுகளை மெத்தையில் குவித்துவிட்டுப் படியிறங்கினார்கள்.

கனகராஜ் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

இன்று யாரும் இன்னும் ஒரு சேலையைக்கூடத் தொடவில்லை. ஏழாவது துண்டு நனைந்திருந்தது.

யாருடையது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அவர் பார்த்து வாங்கியவைதான்.