குகை வாயில் வஹீப்

செங்கடலோர மலையில் ஆதித்துறவி தவமிருந்த குகைக்குள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். கெய்ரோ சர்க்கரை வியாபாரி வஹீப், தேவாலயக் கமிட்டித் தலைவர் என்பதால் நேராகவே நுழைந்து, பாதியில் சிக்கி நிற்கிறார். வெளியே வெயிலில் அவருடைய முதுகு. உள்ளே இருட்டில் தொப்பையும், நீட்டிய கையில் மகளின் காலுறையும். காய்ச்சலுக்குப் பிறகு அவள் நடப்பதில்லை. அவள் மறுபடி நடக்க, காலுறையை உள்ளே பலிபீடத்தில் வைத்து அவள் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது வேண்டுதல். கை எட்டவில்லை. “மூச்ச விடுங்க தலைவரே! கூட்டத்துல விடுற பெருமூச்சு இல்ல, முழுசா விடுங்க” என்று பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுக்கிறார் துறவி அபூனா ஹெத்ரா. உள்ளே ஜெபிக்கப் போன பெண்கள், வெளியேற வழியில்லாமல் மெழுகுவத்திப் புகையில் இருமுகிறார்கள். ஒருத்தி காலுறையைப் பிடுங்கிக்கொள்கிறாள். “குடுங்கண்ணே, நான் வைக்கிறேன். புள்ள பேரு என்ன?” சொல்வதற்காக அவர் மூச்சை இழுக்கிறார், பாறை இன்னும் இறுக்குகிறது. மூச்சை விடுகிறார், ‘இரீனி’ என்பது வெறும் காற்றாகப் போகிறது. அந்தக் காற்று போன இடைவெளியில் உடம்பு நழுவி, அபூனாவின் மேலேயே மல்லாக்க விழுகிறார். “பேரு கேக்கலையே அண்ணே!” என்கிறது குகை. இப்போது வஹீபுக்கு மூச்சு தாராளமாக இருக்கிறது. குரல்தான் வரவில்லை.