பாதியில் நின்ற பேச்சு

அவள் அறைக்கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்கு ஓடி வந்தபோது, ரௌட்டரின் ஒயர் அவள் கணவனின் கையில் இருந்தது.

"என்ன பண்றீங்க அங்க?"

"லூசா இருக்கான்னு பார்த்தேன். உள்ள நீ மேஜையில குத்தற சத்தம் கேட்டுச்சே. மறுபடியும் போயிடுச்சா?"

போய்த்தான் விட்டது. போன வாரம் நடந்த முதல் நேர்காணலிலும் இதே கதைதான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மேலாளர் அம்மாள், திறந்த வாய் திறந்தபடி லேப்டாப் திரையில் நின்றுபோனார். வைஃபை குறியின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது.

கட்டட வரைபடம் போடும் வேலையை அவள் விட்டது மகள் பிறந்தபோது. அந்த மகள் இப்போது தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். இத்தனை வருடம் கழித்து ஒரு நிறுவனம் மதித்துக் கூப்பிட்டுப் பேசுகிறது, பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.

"விடு. இது இல்லேன்னா இன்னொண்ணு" என்று அவன் டீ கப்பை நீட்டினான். ரௌட்டர் பலகைக்குக் கீழே, மைக்ரோவேவ் ஓவன் பக்கத்தில் தயாராக வைத்திருந்தான். ஆவி பறந்தது.

நாக்கைச் சுட்ட அந்த முதல் வாயில்தான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. முழுதாக ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டுத்தானே உள்ளே போனாள்? பாதியில் எழுந்து வருவாள் என்று தெரியாதவன் கையில் டீ எப்படி இவ்வளவு சூடாக இருக்கும்?

வந்த எண்ணம் போகவில்லை. அந்த வேலை விளம்பரத்தைக் காட்டிய அன்று, "அவ்வளவு தூரமா?" என்று அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாமாம் என்று சொன்ன பிறகும் அவன் முகம் முழுசாகத் தெளியவில்லை. போன வாரமும் "விடு" என்றுதான் சொன்னான். அது ஆறுதலா, நிம்மதியா?

மாலையில் இணைப்புக் கம்பெனிக்குப் போன் செய்தாள். மறுமுனையில் இருந்த பெண் சொன்னபடி ரௌட்டரை அணைத்துப் போட்டாள். வைஃபை பெயரை அழித்துவிட்டுப் பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். பேட்டரி மிச்சப்படுத்தும் அமைப்பையும் நிறுத்தினாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது.

"பக்கத்துல வேற ஏதாவது ஓடிட்டிருக்கா மேடம்?"

"என் வீட்டுக்காரர்தான் குறுக்கயும் நெடுக்கயும் ஓடிட்டிருக்காரு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

மேலாளர் அம்மாள் நல்ல மாதிரி. கடைசியாக ஒரு முறை பேசிப் பார்க்கலாம் என்றார். அச்சகத்தில் இரவு வேலை பார்க்கும் கணவன் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பான். அன்று மட்டும் அவனை பைக் சர்வீஸுக்குக் கிளப்பினாள்.

"இன்னைக்கேவா? நீ பேசறப்போ ஏதாவது வேணும்னா..."

"எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க போங்க, போதும்."

ஒரு மணி நேரம். ஒரு சொல்கூட அறுபடவில்லை. மேலாளர் அம்மாள் சிரித்தபடி விடைபெற்றபோது அவளும் சிரித்தாள். லேப்டாப்பை மூடிய பிறகு வெகுநேரம் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு தெளிவாகத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

சில நாளில் பதில் மெயில் வந்தது. வேலை அவளுக்குத்தான். வீட்டிலிருந்து செய்யலாம், அல்லது குடும்பத்தோடு அவர்கள் ஊருக்கே வந்து அலுவலகத்தில் சேரலாம். வீடு அவர்களே தருவார்கள். இரண்டில் ஒன்றை இன்றே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது.

எழுந்தாள், உட்கார்ந்தாள். மடித்த போர்வையை உதறி மறுபடி மடித்தாள். ஹாலுக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள்.

"ஏன் இப்படி நிலைகொள்ளாம அலையறே? அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லுவாங்க. உன்ன விட்டா அவங்களுக்கு யாரு கிடைப்பா? இந்தா, டீ போட்டு எவ்வளவு நேரமாச்சு, குடி."

"அப்புறம்."

அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். ஒயரைப் பிடுங்கியது நீங்கள்தானா என்று நேராகக் கேட்டுவிட்டால் என்ன? ஆமாம் என்றால் அதைத் தாங்க முடியாது. இல்லை என்றால் நம்ப முடியாது. பின்னே எதைக் கேட்க?

தட்டினாள்: 'வீட்டில் இணைப்பு நம்பும்படியாக இல்லை. மகளுடன் அங்கேயே வந்து சேர்ந்துகொள்கிறேன்.'

படித்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள்.

திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது. அதே நேரத்தில் சமையலறையிலிருந்து உம்ம்ம் என்று ஒரு சத்தம் கிளம்பியது. வைஃபை குறியின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது. மெயில் போகவில்லை. இணைப்பு திரும்பி வரக் காத்து, வட்டம் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவைதான் சுட வைக்கறது!" என்று கணவனின் குரல் கேட்டது. "நீ பேசி முடிச்சு வெளிய வரப்போ சூடா இருக்கணும்னு அன்னைக்கும் இதே பாடு, இன்னைக்கும் இதே பாடு. சரி, சூடாயிடுச்சு. நிறுத்திட்டுக் கொண்டு வரேன்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவள் சமையலறையைப் பார்த்து ஓடினாள்.

"ஐயோ, ஓவனை நிறுத்தாதீங்க!"