பெரிய மேடம் எழுதும் கடிதம்

பிற்பகல் மூன்று மணி. பள்ளி ஆலோசகரின் அறையில் மின்விசிறி மெல்லச் சுற்றுகிறது; மேசைத் தாள்களின் ஓரங்கள் மட்டும் எழுந்து எழுந்து படிகின்றன. கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு என் மைத்துனி வந்திருக்கிறாள், துணைக்கு நான். அவளுடைய அக்கா, என் மனைவி, இறந்து ஆறு மாதமாகிறது. பள்ளியில் இரண்டு ஆலோசகர்கள். "சின்ன சாருக்கு என்னை நல்லாத் தெரியும் மாமா. என்ன எழுதுவாரோன்னு அதான் பயமா இருக்கு" என்று வழியில் சொன்னாள். அதனால் பெரிய மேடத்தைத் தேர்ந்தெடுத்தாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு எழுதிக்கொடுத்தவர்.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அக்காவைப் போலவே இருக்கும் அந்த முகத்தைப் பார்க்கிறார். "உன்னை மறப்பேனா? மழை வந்தா ஜன்னலை மூட விடமாட்டியே. நோட்டெல்லாம் நனையும், நீ சிரிச்சுக்கிட்டு நிப்பே. கணக்கு வகுப்புல தூங்கிட்டு, கண்ணை மூடி யோசிச்சேன்னு சொல்லுவே." மைத்துனிக்கு மழை ஆகாது, தும்மல் வரும்; மேடம் சொல்வது அவள் அக்காவை. பதினேழு வயதில் என் மனைவி எப்படி இருந்தாள் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மைத்துனி என் பக்கம் திரும்புகிறாள். நான் சொல்லித் திருத்துவேன் என்று காத்திருக்கிறாள். கடிதம் நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். மேடம் பேனாவைத் திறந்து, தாளின் மேலே என் மனைவியின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதுகிறார். "பேர் சரிதானே?" என்று என்னைக் கேட்கிறார்.

"சரிதான் மேடம்" என்கிறேன். "இன்னும் சொல்லுங்க."