யோரிண்டேயின் மூன்று தலைப்புகள்

ஸ்வோலே நகரப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி மணியும் அடித்தாயிற்று. மாணவர்கள் ஆராய்ச்சித் தலைப்பு எழுதிக் கொடுத்த தாள்கள் இருபத்தாறு. ரூலோஃப் ஆசிரியர் இருபத்தைந்தைப் படித்து முடித்திருந்தார்.

கைப்பேசியால் தூக்கம் கெடுமா என்று ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். போன வருடமும் இதேதான், அதற்கு முந்தைய வருடமும் இதேதான். தூக்கம் கெட்டது என்னவோ அவருக்குத்தான்.

கடைசித் தாள் யோரிண்டேயுடையது. எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் மேசையருகே நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குள் தலைப்பு முடிவாகாவிட்டால் இந்த வருடம் இறுதித் தேர்வு எழுத முடியாது.

மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து செய்ய, தனியாகத்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்.

பாதித் திங்கட்கிழமைகள் வகுப்புக்கே வரமாட்டாள். ஒருமுறை ஆசிரியர் அவள் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்த அப்பா, எந்த மகள் என்று கேட்டுச் சிரித்தார். வேடிக்கையான மனுஷன், செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார் என்று ரூலோஃப் நினைத்துக்கொண்டார்.

மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் அந்த ஊரில் மரியாதை. ரூலோஃப் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

முதல் தலைப்பு: உள்ளே இருப்பவர் திறக்க முடியாத வாசல் பூட்டு எது?

பூட்டுக் கடையில் போய்க் கேள் என்று சொல்லி அதைக் கோடிட்டு அடித்தார்.

இரண்டாவது: எண்பது கிலோ ஆளை, முதுகு பிடித்துக்கொள்ளாமல், ஒருத்தியே தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது எப்படி?

இது யாருக்குத் தேவை என்று கேட்டார். அதையும் அடித்தார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

மூன்றாவது: ஒரு சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொன்னால் மறுநாளும் ஞாபகம் இருக்கும்?

இது தேறும் போலிருந்தது. ஆனால் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது, குறைந்தது இருபது வேண்டும் என்றார்.

இருபதெல்லாம் வேண்டாம், ஒன்று நின்றால் போதும் என்றாள்.

"அப்படி என்னம்மா அந்தச் சொல்?"

"என் பேரு சார். அப்பாவுக்கு."