கைப்பைச் சோதனை

மகளின் பாட்டுப் போட்டியைப் பார்க்க வந்த மருந்துக்கடைக்காரியின் கைப்பையில் துப்பாக்கி இருப்பதைக் கண்ட பள்ளிக் காவலாளி, உடனே போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

“லைசென்ஸ் இருக்கு சார். உயிருக்குப் பயந்து வாங்கினது.”

“இருக்கட்டும்மா. பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுவந்தா குத்தம்தான். ஜெயிலுக்கே போகவேண்டிவரும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என் பொண்ணு உள்ள தனியா இருக்காளே?”

“டீச்சர் போன் பண்ணிட்டாங்க. அவளோட அப்பா வந்துட்டாரு.”

“ஐயோ, அவர்கூட அனுப்பாதீங்க சார்.”

“துப்பாக்கியோட ஸ்கூலுக்கு வந்தது நீங்கம்மா. அவரு இல்லையே.”

ஜீப் கிளம்பியது. ஜன்னல் வழியே அவள் திரும்பிப் பார்த்தாள். “உங்க ரெண்டு பேரையும் உயிரோட விடமாட்டேன்” என்று விவாகரத்தன்று சொல்லிவிட்டுப் போனவன், மகளுக்காகக் கார் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தான்.