கன்னத்துச் செல்

"வெங்காயத் தோலை எல்லாரும் உரிச்சுப் பாருங்க. கன்னத்துச் செல்லை மட்டும் யாரும் எடுக்க வேணாம். என்னோடதைப் பார்த்து வரைங்க" என்றாள் சரஸ்வதி டீச்சர்.

தேக்கா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் மாடி. வேலைக்குப் போகிறவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் மாலை வகுப்பு. எட்டுப் பேருக்கு ஒரே மைக்ராஸ்கோப்.

டீச்சர் பல்குச்சியால் தன் உள்கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டாள்.

துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கும் மருதப்பன் முதலில் குனிந்து பார்த்தான்.

"வெங்காயம் செங்கல் அடுக்கின மாதிரி இருந்துச்சு. இதுக்குச் சுவரே இல்லையே, டீச்சர்?"

"நம்ம செல்லுக்குச் சுவர் கிடையாது. மெல்லிசா ஒரு சவ்வுதான். நடுவுல கறுப்பாப் புள்ளி தெரியுதா? அதான் நியூக்கிளியஸ்."

"தெரியுது. ஆனா புத்தகத்துல அவங்கவங்க கன்னத்துல எடுக்கணும்னு போட்டிருக்கு. எங்க எச்சில் உங்க கண்ணாடியில படக்கூடாதா?"

டீச்சர் பல்குச்சியை ஒடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஆமா. எனக்கு எச்சில் ஆகாது."

வகுப்பு முடிந்து அவள் பஸ்ஸுக்குப் போனதும் மருதப்பன் ஒரு தாளை எடுத்து மனு எழுதினான்.

"அவங்க எச்சில் தீர்த்தம், நம்ம எச்சில் தீட்டா? இந்த டீச்சரை மாத்தச் சொல்லி, வகுப்பு நடத்துற சங்கத்துச் செயலாளர்கிட்ட கொடுப்போம்."

"பாவம், அவங்க வேலை போயிடும் லா" என்றாள் பக்கத்தில் இருந்த ஜரீனா.

"போகட்டும். சுத்தம் பார்க்கிறவங்க வீட்டோட இருக்கட்டும்."

கடைசியில் ஜரீனாவும் கையெழுத்துப் போட்டாள். மொத்தம் ஏழு ஆயிற்று.

தாள் ஜன்னலோரம் இருந்த பூவம்மாவிடம் போனது. தையல் வேலை செய்பவள். வகுப்பில் எப்போதும் வாயை முந்தானையால் பொத்தியிருப்பாள். கேட்டால் சளி என்பாள்.

"போடுங்கக்கா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்றான் மருதப்பன்.

பூவம்மா பேனாவை மூடி வைத்தாள்.

"எனக்கு டி.பி., தம்பி. ரெண்டு மாசமா ஊசி போட்டுக்கிறேன். வகுப்புக்குப் போகலாம், வாயைப் பொத்திக்க, எச்சில் எங்கேயும் படாமப் பார்த்துக்கன்னார் டாக்டர். வெளியே தெரிஞ்சா நான் குடியிருக்கிற ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. டீச்சர்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன்."

அவள் தாளை மருதப்பன் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னிக்கு அவங்க என்னை மட்டும் எடுக்க வேணாம்னு சொல்லியிருந்தா, ஏன்னு நீங்க எல்லாரும் கேட்டிருப்பீங்க."