திரையில் ஊரும் பல்லி

கிருஷ்ணகிரி டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டம். படத்தில் ராணியின் கனவில் முள்ளில்லாத கடிகாரம் மிதக்கிறது, குதிரை மாடிப்படி ஏறுகிறது. மணல்தரையில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. எல்லோர் கண்ணும் திரைத்துணியில் ஊரும் நிஜப் பல்லியின்மேல். சற்றுமுன் அது ராஜாவின் தலையில் உட்கார்ந்தது. அடுத்த காட்சியில் ராஜா செத்துப்போனார். “படம் எடுத்தவன் சும்மாவா பல்லிய வுட்டிருப்பான்?” என்கிறான் திம்மராயன், முறுக்கை மென்றபடி. “ஏங்க, இப்ப ராணி தலைக்குப் போவுதே,” என்று அவன் மனைவி மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்துகிறாள். கூச்சல் கேட்டுக் கொட்டகை முதலாளி துடைப்பத்தோடு வந்து துணியைத் தட்டுகிறார். பல்லி பொத்தென்று அவர் வழுக்கையில் விழுகிறது. எல்லோர் கண்ணும் இப்போது அவர் தலைமேல். திரையில் ராணி விழித்தெழுந்து சிரிக்கிறாள். மங்கம்மா அவளைப் பார்க்கவில்லை. “பாவம், மொதலாளிக்கு எத்தினி புள்ளைங்க?” என்கிறாள்.